முதுகில்லாத அரக்கன்

எங்கள் காஸ்ட்யூமர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "நீங்க மாயாஜாலப் படத்துல வேலை செஞ்ச கதைய எழுதுங்கய்யா, படிக்கிறவங்களுக்கு சிரிப்பா இருக்கும்" என்றார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். மந்திரவாதியின் தாடி பிச்சாவரம் காற்றில் பறந்து சுரபுன்னை மரத்தில் மாட்டிக்கொண்டது, அலுமினிய வாள் வளைந்துபோய் இளவரசர் அதை முட்டியில் வைத்து நிமிர்த்தியது என்று எழுத எத்தனையோ இருக்கிறது. ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்தால் எனக்கு சவரிமுத்துவைத் தவிர வேறு யாரும் ஞாபகத்துக்கு வருவதில்லை. மலருக்கு இது ஒத்துவராது என்று தோன்றினால் போடாமல் விட்டுவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். தையல் படித்தது சென்னையில், ராஜா ராணி உடை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையில். ஜரிகைக்குப் பதில் என்ன ஒட்டலாம், வெல்வெட்டுக்குப் பதில் என்ன தைக்கலாம் என்பதுதான் அங்கே படிப்பு. அதில் தேறியவனுக்குப் பெரிய சினிமாக் கம்பெனியில் வேலை கிடைக்காது, சின்னக் கம்பெனிகள் விடாது. ஊருக்குத் திரும்பி ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்த என்னை இரண்டாயிரத்து நாலில் தேடி வந்தவர் தனகோடி சார்.

தனகோடி சாருக்கு அண்ணாகிராமம் பக்கம். முந்திரியும் பலாவும் வைத்திருந்த குடும்பம். சென்னையில் உதவி டைரக்டராகவே தலை நரைத்து, இனி யாரும் படம் தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் ஊருக்கு வந்து தன் கைக்காசில் ஆரம்பித்தார். இளவரசன், மந்திரவாதி, கல்லாகிப் போன இளவரசி, பேசுகிற வாள், ஒரு அரக்கன். எல்லாப் படமும் இந்த ஐந்துக்குள்தான். சின்ன ஊர்த் தியேட்டர்களில் பரீட்சை லீவில் ஓடும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் வரும். அவர்கள் தோப்புதான் அடர்வனம். முதுநகர் துறைமுகத்துப் பழைய கிடங்கு மந்திரவாதியின் குகை. பிச்சாவரம் மாயத்தீவு. கேப்பர் மலையில் மழை அரித்த செம்மண் பள்ளங்கள் பாதாள லோகம். செட் போடும் செலவே கிடையாது.

அவருடைய கஞ்சத்தனத்தைப் பற்றி யூனிட்டில் பேசாத ஆளில்லை. நானும் பேசியிருக்கிறேன். கவிழ்த்த பக்கெட்டின் மேல் கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்காருவார். ஒரு காதைக் கேமராப் பக்கம் சாய்த்து ஃபிலிம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு அது தன் ரத்தம் இறங்குகிற சத்தம். வேண்டியது கிடைத்த அந்த நொடி, கையால் வெட்டுவது போலக் காட்டி, சத்தம் போடாமல் "கட்" என்பார். நடிகர் வசனத்தின் கடைசி எழுத்தை முழுங்கியிருந்தாலும் கவலை இல்லை, டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். யாரையும் வாடா போடா என்று பேசி நான் கேட்டதில்லை. சாப்பாட்டுக்குக் கடைசியில்தான் உட்காருவார்.

இனி அரக்கனுக்கு வருகிறேன். அரக்கன் சட்டை என்பது ஸ்பாஞ்சை வெட்டி, சைக்கிள் டியூப்புக்குப் போடுகிற சொல்யூஷனால் ஒட்டி, மேலே ரப்பர் பால் பூசிக் காயவைத்து, பெயிண்ட் அடித்தது. தலைக்குச் சணல் முடி, காகிதக் கூழில் கொம்பு. இதில் ஒரு ரகசியம் உண்டு. எங்கள் அரக்கனுக்கு முதுகு கிடையாது. முன்பக்கம் மட்டும்தான் செய்வோம். பின்னால் கழுத்திலிருந்து இடுப்பு வரை திறந்தே இருக்கும், குறுக்கே ஷூ லேஸ் கட்டி இழுத்துவைப்போம். ரப்பர் பால் மிச்சம் பிடிக்கத்தான் அப்படி. கேமராவும் முதுகுப்பக்கம் போகாது. அந்தத் திறப்பு வழியாகத்தான் உள்ளே இருக்கிறவனுக்குக் காற்று.

உள்ளே இருந்தவன் சவரிமுத்து. சிதம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை, சாயங்காலமானால் கபடி. ஆறடிக்கு மேல் உயரம். ஒரு கபடிப் போட்டிக்குப் பரிசு கொடுக்கப் போன சார், எதிர்க்கட்டத்தில் பாடிக்கொண்டே நின்று விளையாடிய அவன் மூச்சைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிவந்தார். அதற்கப்புறம் எட்டு வருஷம் எங்கள் எல்லாப் படத்திலும் அரக்கன், பூதம், பேசும் கரடி, உயிர் வரும் சிலை எல்லாமே அவன்தான்.

சட்டை மாட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். உடம்பெல்லாம் பவுடர், அதன் மேல் நனைத்த பனியன், பிறகு கால், உடம்பு, கை. தலை கடைசியில்தான். லைட்டும் கேமராவும் தயார் என்று சொல்லும்வரை தலையை என் மடியில் வைத்திருப்பேன். ஷாட் ஓடும்போது நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவனை மட்டும்தான் பார்க்க வேண்டும். அவன் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினால் முடியவில்லை என்று அர்த்தம். சார் "கட்" சொன்னதும் அடுத்த வார்த்தை என்னுடையது: "தலை!" அந்த வார்த்தை கேட்டதும் யார் எந்த வேலையில் இருந்தாலும் ஓடிப்போய்த் தலையைக் கழற்ற வேண்டும். கதாநாயகிக்குக் குடை பிடிப்பதெல்லாம் அப்புறம்தான்.

அவன் உள்ளே இருந்து உறுமுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கிட்டப் போய்க் கேட்டேன். "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டிருந்தான். டப்பிங்கில் வேறொருவர் உறுமப் போகிறார், உள்ளே என்ன சொன்னால் யாருக்குத் தெரியும்? ஏனப்பா என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"பாடிக்கினே இருந்தா மூச்சு ஒரு கணக்குல போவும் மாமா. பாட்டு நிக்கக் கூடாது. நின்னா அவுட்டு."

யூனிட்டில் எல்லாருக்கும் நான் டைலர் மாமா.

அவனுக்கு இருந்த ஒரே குறை, முகம். எத்தனையோ படத்தில் நடித்தும் ஒரு படத்திலும் அவன் முகம் வரவில்லை. முதல் படத்துக்கு மனைவி செலினையும் மகள் ஜெனியையும் தியேட்டருக்குக் கூட்டிப்போய், "அதோ பாரு, அப்பா" என்று அரக்கனைக் காட்டியிருக்கிறான். குழந்தை வீறிட்டு அழுததில் பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டார்கள். அவள் வளர்ந்து ஐந்தாம் வகுப்பு போனபோது, எங்கப்பா சினிமாவில் நடிக்கிறார் என்று சொல்லி, பொய்க்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு வந்தாள். செலினின் தம்பி வேறு, "சிடி போட்டு நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன் மச்சான், ஒன்னத்தான் காணும்" என்று வம்பிழுப்பான். சவரி கூடச் சேர்ந்து சிரிப்பான், பிறகு என்னிடம் வந்து உட்காருவான்.

"ஒரே ஒரு ஷாட்டு மாமா. க்ளோசப்புகூட வேணாம். கூட்டத்துல நின்னாக்கூட போதும். நம்ம மூஞ்சின்னு தெரிஞ்சா சரி."

நான் சாரிடம் சொல்லுவேன். அடுத்த படத்தில் பார்க்கலாம் என்பார். கூட்டத்தில் நிற்க வைக்க உள்ளூர் ஆட்கள் இலவசமாக வந்தார்கள். அரக்கன் சட்டைக்குள் நிற்க அவன் ஒருவன்தான் இருந்தான், அதைக் கழற்றி மாட்ட அரை நாள் போய்விடும். இப்படியே வருஷங்கள் போயின.

தானே புயல் வந்தது. ஒரே இராத்திரியில் தனகோடி சார் குடும்பத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நான் போய்ப் பார்த்தபோது வெட்டவெளியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் அடர்வனம் முழுவதும் படுத்துக் கிடந்தது. "இன்னும் ஒரு படம் சண்முகம். இது ஒழுங்கா ஓடலன்னா கடைய மூடிடலாம்" என்றார்.

அந்தப் படத்துக்குத்தான் டிஜிட்டல் கேமரா வந்தது. சென்னையிலிருந்து வந்த ஒளிப்பதிவாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது, நல்ல பையன். ஃபிலிம் கிடையாது, சின்னக் கார்டுதான், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், சத்தமும் கூடவே பதிவாகும் என்று சொல்லிக் கொடுத்தான். சார் முதல் இரண்டு நாள் பழக்க தோஷத்தில் காதைச் சாய்த்து உட்கார்ந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய், தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்த சின்ன மானிட்டருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து "கட்" என்ற வார்த்தை அபூர்வமாகிவிட்டது. "போவட்டும், போவட்டும்" என்பார். இவ்வளவு காலம் பட்டினி கிடந்தவர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கஞ்சத்தனம்தான் எட்டு வருஷமும் சவரிக்கு மூச்சு விட இடம் கொடுத்தது என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

கதையில் அரக்கன் உண்மையில் ஒரு ராஜா. முனிவர் சாபத்தால் அரக்கனாகத் திரிகிறான். கடைசியில் இளவரசனுடைய மாய வாள் பட்டதும் அரக்க முகம் கழன்று மனித முகம் தெரியும். சார் சவரியைக் கூப்பிட்டு, "இந்த வாட்டி ஒன் மூஞ்சிதான்" என்றார். அவன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அன்றைக்கு மதியம் சாப்பாட்டில் எனக்கு அவன் பங்கு முட்டையையும் தூக்கிப் போட்டான்.

பழைய முறையில் எடுத்தால் இது ஒன்றுமே இல்லை. அரக்கன் விழுவான், கட், அதே இடத்தில் சவரியை ராஜா உடையில் படுக்கவைத்து மறுபடி எடுத்தால் முடிந்தது. ஆனால் சண்டை, வாள் வீச்சு, விழுவது, முகம் கழல்வது எல்லாம் ஒரே ஷாட்டில், கேமரா சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று முடிவானது. அதனால் அரக்கனுக்கு முதுகு வைக்கச் சொன்னார்கள்.

"முதுவு மூடுனா உள்ள காத்து போவாது சார்" என்றேன்.

"தெரியுது சண்முகம். ஒரே ஷாட்டுதான். கேமரா பின்னால வர்றப்ப கயிறு தெரிஞ்சா ஜனங்க சிரிப்பாங்க. இவ்ளோ வருசம் சிரிச்சது போதாதா?"

அவர் அதைச் சொன்ன குரலுக்காகவே ஒப்புக்கொண்டேன். முதுகைத் தனித் துண்டாகச் செய்து, ஆள் உள்ளே போனதும் பசை போட்டு ஒட்டுகிற மாதிரி வைத்தேன். முகம் மட்டும் தனியாகக் கழன்று வரக் காதுக்குப் பின்னால் இரண்டு கொக்கி வைத்தேன். சவரியிடம், வேண்டாம் என்று சொல்லிவிடு, நீ சொன்னால் கேட்பார் என்றேன்.

"கடைசியில மூஞ்சி வருது மாமா. அதுக்கோசரம் கொஞ்சம் தம் புடிச்சிக்கிறேன். எனக்கு இன்னா அது புதுசா?"

கேப்பர் மலை, அக்னி நட்சத்திரம். தோப்பு இருந்த காலத்தில் ஷாட் முடிந்ததும் மர நிழலில் உட்கார வைப்போம். செம்மண் பள்ளத்தில் நிழல் ஏது? முதல் தடவை இளவரசன் வழுக்கி விழுந்தான். இரண்டாம் தடவை வாள் கைப்பிடியிலிருந்து கழன்றது. முதுகை ஒட்டிய பசையைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டுமென்றால் வெளிச்சம் போய்விடும் என்பதால் நடுவில் சட்டையைத் திறக்கவில்லை. முகத்தை மட்டும் எடுத்து ஸ்ட்ராவில் தண்ணீர் கொடுத்து விசிறினேன். "ஜாஸ்தி வேணாம் மாமா, வயிறு குலுங்கும்" என்றான். கண் சிவந்திருந்தது. "ஜெனிக்கு லீவுதான், கூட்டியாந்திருக்கலாம்" என்றும் சொன்னான்.

மூன்றாம் தடவை. கேமரா எல்லாப் பக்கமும் திரும்பும் என்பதால் ஒருவரும் கண்ணில் படக்கூடாது. என்னையும் ஒரு செம்மண் மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். கையில் ஈரத் துண்டு, கழுத்தில் கத்தரிக்கோல். அவனைப் பார்ப்பது மட்டுமே என் வேலையாக இருந்தது, அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மண் மட்டும்தான். ஆகவே காதைத் தீட்டிக்கொண்டேன். வாள் மோதுகிற சத்தம், இளவரசனுடைய கத்தல், அதற்கெல்லாம் அடியில் "கபடி கபடி கபடி." போகப் போக அது மெலிந்தது. நடுவே ஒரு இழுப்பு. மறுபடி "கபடி... கபடி." தார்ப்பாய்ப் பக்கமிருந்து "போவட்டும், போவட்டும்" என்று சார் குரல். பிறகு பாட்டு நின்றுவிட்டது.

நான் எழுந்து ஓடினேன். "தலை! தலை!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "யார்யா அது ஃபிரேம்ல" என்று பின்னால் யாரோ திட்டினார்கள். அவன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். முகத்தைப் பிய்த்து எடுத்தேன். மார்பிலிருந்து வயிறு வரை கத்தரித்துத் திறந்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கண் பாதி திறந்து எங்கோ பார்த்தது. நிமிர்ந்தால், கேமரா இன்னும் எங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் கட் சொல்லவில்லை, அதனால் நிறுத்தவில்லை என்று அந்தப் பையன் பிறகு அழுதான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜீப்பில் போட்டு ஈரத்துணி சுற்றிக் கடலூருக்குக் கொண்டுபோனோம். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சார் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"பாத்தேன் சண்முகம். முட்டிய ஊனுனான். மானிட்டர்ல பாத்தேன். ரொம்ப நல்லா பண்றான்னு நெனச்சிட்டேன்" என்றார். நான் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சில நாள் கழித்து, சார் என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் செலின் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு லேப்டாப். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவன் மூஞ்சி வரணும்னு ஆசப்பட்டாம்மா. நானும் வாக்கு குடுத்தேன். அந்த ஷாட்டுல வந்திருக்குது. ஆனா இவுரு நடுவுல ஓடியாந்துட்டாரு. கம்ப்யூட்டர்ல இவுர மட்டும் அழிச்சிடலாம்னு சொல்றாங்க. அழிச்சிட்டா, ஹீரோ வாள் பட்டு மூஞ்சி தொறக்குற மாதிரியே வந்துடும். நீ சரின்னு சொன்னா போடறேன். வேணாம்னா வேற ஒரு பையன வெச்சி எடுத்துக்கறேன்."

அவள் பார்க்க வேண்டும் என்றாள். போட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அந்த அறைக்குள் "கபடி கபடி" என்று சவரியின் குரல் கேட்டது. கேமராவில் சத்தமும் பதிவாகியிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். உள் அறையிலிருந்து ஜெனி ஓடி வந்தாள். செலின் அவளைத் தடுக்கவில்லை, பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். பாட்டு நின்றது. "தலை! தலை!" என்று என் குரல். கட்டம் போட்ட லுங்கியில் நான் ஓடி வந்து மண்டியிட்டேன்.

செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரைப் பார்த்தாள்.

"டைலர் மாமாவ அழிச்சிட்டீங்கன்னா, அவுரு விழுந்தப்ப ஒருத்தரும் வரலன்னு ஆயிடும்ல சார்? ஒருத்தராவது வந்தாரு. அழிக்காதீங்க."

"என்னய அழிக்கட்டும்மா, அவன் ஆசைம்மா அது" என்றேன் நான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அந்தத் துண்டை மட்டும் தனக்கு ஒரு சிடியில் போட்டுத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

படம் வந்தது. அரக்கன் விழுந்ததும் சென்னையிலிருந்து வந்த ஒரு சிவத்த பையனின் முகம் தெரிந்தது. சிதம்பரம் தியேட்டரில் அந்த இடத்தில் கை தட்டினார்கள். சார் அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. நானும் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இப்போது அரக்கனைக் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுகிறார்களாம், சட்டையும் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. தொழில் போச்சே என்று சங்கத்தில் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. என் வருத்தமெல்லாம், அன்றைக்கு என்னை அழித்திருந்தால் ஊர் உலகம் அவன் முகத்தைப் பார்த்திருக்குமே என்பதுதான். செலின் சொன்னது சரி என்று சில நாள் தோன்றும். பல நாள் தோன்றாது.

போன மாதம் ஜெனியைக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நர்ஸ் வேலைக்குப் போகிறாள், அப்பன் உயரம். அந்த சிடியை போனுக்கு மாற்றி வைத்திருப்பதாகவும் அடிக்கடி போட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாள். அவ்வளவும் எப்படியம்மா பார்க்கிறாய், கடைசியில் அப்பா முகம் வருமே என்று கேட்டேன்.

"அது வரைக்கும் போவ மாட்டேன் தாத்தா. நீங்க ஓடியாரதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் படியில் நின்று திரும்பினாள்.

"பாடிக்கினு இருக்குற வரைக்கும் அப்பா அவுட் இல்லல்ல?"